குழந்தையின் உடலும் பெரியோரின் சங்கல்பமும்

நோன்பு, தவம், சாதனை என்று இந்தியச் சமயங்கள் போற்றும் ஒழுக்கங்கள் உடலை வருத்துவதை ஒரு வழியாக ஏற்றுக்கொண்டிருந்தாலும், அவை அனைத்துக்கும் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: வருத்தத்தைத் தாங்குபவர் எவரோ அவரே அதை விரும்பி மேற்கொண்டிருக்க வேண்டும். இந்த முன்னுறுதியையே நூல்கள் சங்கல்பம் என்கின்றன. ஒரு செயலைத் தொடங்கும் முன் அதன் நோக்கத்தைச் செய்பவர் தம் மனத்துக்குள் நிறுவிக்கொள்ளும் தீர்மானம் அது. பிறர் கட்டாயத்தால் பட்டினி கிடப்பவரை நோன்பிருப்பவர் என்று எவரும் சொல்வதில்லை. ஐந்து, ஆறு வயதில் போட்டி ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியில் சேர்க்கப்படும் குழந்தையைப் பற்றிய அறக்கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் குழந்தை தாங்கும் வலிக்கும், விளையாடாமல் கழியும் மாலைகளுக்கும் பின்னால் ஒரு சங்கல்பம் இருக்கவே செய்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பெற்றோருடையது, அல்லது பயிற்றுநருடையது, சில வேளைகளில் ஒரு நாட்டினுடையது. ஒருவர் செய்த சங்கல்பத்தை மற்றொருவரின் உடல் நிறைவேற்றுவது அறமாகுமா?

எல்லா விளையாட்டுக்கும் இக்கேள்வி பொருந்தும் என்றாலும் ஜிம்னாஸ்டிக்ஸில் அது கூர்மை பெறுவதற்குக் காரணம் உண்டு. மகளிர் போட்டிகளில் வீராங்கனை நடந்து, துள்ளி, கரணமடிக்க வேண்டிய சமநிலைக் கட்டையின் அகலம் 10 சென்டிமீட்டர். நீளம் 5 மீட்டர். தரையிலிருந்து உயரம் 1.25 மீட்டர். செயல்நேர்த்திக்கான மதிப்பெண் பத்தில் தொடங்கி, கால்விரல் மடங்கினாலும் முழங்கால் சற்றே வளைந்தாலும் குறைந்துகொண்டே வரும். கட்டையிலிருந்து விழுந்தால் ஒரு முழு மதிப்பெண் போய்விடும். குறையைத் தேடிக் கழிக்கும் இந்தக் கணக்குக்கு ஈடுகொடுக்க, எலும்பும் தசைநாரும் இளகியிருக்கும் வயதிலேயே உடலைப் பழக்க வேண்டும் என்பது இத்துறையில் நெடுங்காலமாக நிலவும் நம்பிக்கை. கால்களை இருபுறமும் நீட்டித் தரையில் உட்காரும் ‘ஸ்பிளிட்’ பயிற்சியில் குழந்தையின் இடுப்பு தரையைத் தொடாதபோது, பயிற்றுநர் தோளில் கைவைத்து மெல்ல அழுத்துவதும், குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கை முடியக் காத்திருப்பதும் இந்த நம்பிக்கையின் கண்ணெதிர் வடிவம். இளகிய எலும்புக்கு மறுபக்கமும் உண்டு. வளரும் எலும்பின் முனைக்கருகே வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அதன் வழியாகத்தான். கைகளை ஊன்றி உடலின் முழு எடையையும் ஆயிரக்கணக்கான முறை தாங்கும் சிறார்களின் மணிக்கட்டில் அந்தத் தட்டே புண்படுவதை மருத்துவர்கள் நன்கறிவார்கள். வளரும் உடல் என்பதால் தேர்ந்தெடுக்கப்படும் குழந்தை, வளரும் உடல் என்பதாலேயே சிதையவும் கூடும்.

இக்கேள்வியை ஆராய்வதற்குக் கொல்கத்தாவைப் போல் பொருத்தமான நகரம் இந்தியாவில் குறைவு. உடற்பயிற்சியை ஆன்மிகத்தோடும் தேசத்தோடும் முடிச்சுப்போட்ட சிந்தனை அங்கேதான் முதலில் வலுப்பெற்றது. 1867இல் இந்து மேளா என்னும் தேசிய விழாவைத் தொடங்கிவைத்தவர்களில் முதன்மையானவரான நவகோபால் மித்ரா, வங்காளிகள் வலுவற்றவர்கள் என்ற ஆங்கிலேயரின் ஏளனத்துக்கு விடையாக உடற்பயிற்சிக் கூடம் ஒன்றையும் நடத்தினார். பிற்காலத்தில் விவேகானந்தராகப் போகும் நரேந்திரன் அங்கே பயின்ற சிறுவர்களுள் ஒருவன். வலுவற்ற உடலோடு கீதையை அணுகுவதைவிடக் கால்பந்தாட்டம் இளைஞர்களைச் சொர்க்கத்துக்கு அருகில் கொண்டுசேர்க்கும் என்ற பொருளில் அவர் 1897இல் ஆற்றிய புகழ்பெற்ற உரை சென்னையில் நிகழ்ந்தது என்பது தமிழ் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது. 1902இல் சதீஷ்சந்திர பாசு தொடங்கிய அனுசீலன் சமிதியும் உடற்பயிற்சிக் கழகமாகவே பிறந்து, பின்னர் புரட்சி இயக்கமாக வளர்ந்தது.

அந்த அமைப்புக்குப் பெயர் தந்த கருத்து வங்க எழுத்தாளர் பங்கிம்சந்திர சட்டோபாத்யாயருடையது. குருவும் சீடனும் உரையாடும் வடிவில் அவர் எழுதி 1888இல் நூலாக வெளிவந்த ‘தர்மதத்துவம்’, மனிதனுக்கு அமைந்த ஆற்றல்கள் அனைத்தையும் முறையாகப் பயின்று வளர்ப்பதே, அதாவது அனுசீலனமே, தர்மம் என்று வாதிடுகிறது. உடலாற்றல், அறிவைத் தேடும் ஆற்றல், செயலாற்றும் திறன், அழகை நுகரும் திறன் என்று அவர் வகுக்கும் நான்கில் உடலுக்கும் உரிய இடம் உண்டு. உடலை இகழும் துறவு அவருக்கு உவப்பானதன்று. ஆயினும் அவர் அழுத்திச் சொல்வது சாமஞ்ஜஸ்யம் என்னும் இசைவைத்தான். ஓர் ஆற்றல் மட்டும் மிதமிஞ்சி வளர்ந்து மற்றவை வாடுமானால் அது அனுசீலனமும் ஆகாது, தர்மமும் ஆகாது. இந்த அளவுகோலை அப்படியே எடுத்துவைத்தால், நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் ஒரே அசைவுத் தொடரைத் திரும்பத் திரும்பச் செய்து, பள்ளிப் பாடத்தையும் தோழமையையும் வெறுமனே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் நேரத்தையும் இழக்கும் குழந்தையின் பயிற்சி, எவ்வளவு சிறந்த உடலை உருவாக்கினாலும், தர்மம் என்ற பெயருக்கு உரியதாகாது. பங்கிமின் நூலைப் படிப்போர் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் ஒன்றும் உண்டு: அதில் சீடன் கேள்வி கேட்கிறான், மறுக்கிறான், விளக்கம் கேட்டு மடக்குகிறான், அதன் பிறகே ஒப்புகிறான். ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த இடத்தை எந்தப் பயிற்சிக்கூடமும் எளிதில் தருவதில்லை.

இசைவே கூட அட்டவணையாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு கொல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் வளர்ந்த ரவீந்திரநாத தாகூரின் இளமைப் பருவம் சான்று. விடியுமுன் ஒற்றைக்கண் மல்லரிடம் மல்யுத்தம், அந்தப் புழுதியின் மேலேயே சட்டை மாட்டிக்கொண்டு பாடங்கள், பள்ளி விட்டு வந்ததும் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆசிரியர், அவருக்குப் பின் ஓவிய ஆசிரியர், இரவில் ஆங்கிலம் என்று எல்லா ஆற்றல்களுக்கும் ஆசிரியர் இருந்தார்கள். சிறுவனுக்கு மட்டும் நேரம் இல்லை. 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கி மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்தவரும், 1918இல் ‘தோதா காஹினி’ என்னும் கிளிக்கதையை எழுதியவரும் அந்தச் சிறுவன்தான். பாடித் திரிந்த கிளியைக் கற்பிப்பதற்காகப் பொற்கூண்டும் பண்டிதர்களும் சேர்ந்துகொண்டே போக, கூண்டு மெருகேறுகிறது, கிளி இறக்கிறது. அது எப்போது இறந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை என்பதே கதையில் மனத்தைப் பிசையும் இடம்.

ஐரோப்பியச் சிந்தனையும் இதே முட்டுச்சந்தில் நின்று யோசித்திருக்கிறது. நிச்சயமற்ற எதிர்காலத்துக்காகக் குழந்தையின் நிகழ்காலத்தைப் பலியிடுவது காட்டுமிராண்டித்தனம் என்று ரூசோ 1762இல் ‘எமீல்’ நூலில் எழுதினார்; பிறக்கும் குழந்தைகளில் பலர் இளமையிலேயே மடிந்த காலத்தில் அது வெறும் அலங்காரப் பேச்சாக இருக்கவில்லை. ஜெர்மானிய இறையியலாளர் ஷ்லையர்மாகர் 1826ஆம் ஆண்டுக் கல்வியியல் உரைகளில் இதை இன்னும் நுட்பமாக்கினார். வாழ்வின் ஒரு கணத்தை மற்றொரு கணத்துக்காக ஈடுவைக்கலாமா என்று கேட்டு, எதிர்காலத்தைக் கண்டு அதற்கு ஒப்புதல் தரக்கூடியவர் அவ்வாறு செய்யலாம், அதைக் காண இயலாத சிறு குழந்தையின் பயிற்சியோ அந்தந்தக் கணத்திலேயே நிறைவு தருவதாக, விளையாட்டுக்குள் கரைந்ததாக இருக்க வேண்டும் என்று அவர் முடிவு கண்டார். சங்கல்பம் குறித்த இந்தியக் கருத்தோடு இது வியப்பூட்டும் வகையில் ஒத்துப்போகிறது: பயனை அறிந்து ஏற்க முடியாதவரிடம் பயனைக் காட்டி வருத்தத்தைக் கேட்கக் கூடாது.

2019 ஆகஸ்டில் கொல்கத்தாவின் தெரு ஒன்றில் பதிவான காணொளித் துண்டு நாடெங்கும் பரவியது. பள்ளிச் சீருடையில், முதுகில் புத்தகப் பை தொங்க, ஒரு சிறுமியும் ஒரு சிறுவனும் கைகளைத் தரையில் ஊன்றிச் சக்கரம் சுழன்று, பை எகிற, அந்தரத்தில் கரணமடித்து நின்றார்கள். ருமேனியாவின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை நாடியா கொமனேச்சி அதைப் பகிர்ந்து பாராட்டினார். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த கிரண் ரிஜிஜு அவர்களைச் சந்திக்க விரும்பினார். சால்ட் லேக்கில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையம் அவர்களைப் பயிற்சிக்கு அழைத்தது. இருவரும் அதுவரை ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தை அறியாதவர்கள், நடனம் கற்றவர்கள். நல்ல உள்ளத்தோடு நிகழ்ந்த அந்த அழைப்பைக் குறை சொல்வதற்கில்லை. வறிய குடும்பத்துக் குழந்தைகளுக்கு அப்படியொரு கதவு திறப்பது பெரிய காரியம். ஆனாலும் அந்தக் கணத்தில் என்ன மாறியது என்பதைச் சமயச் சிந்தனை கவனிக்காமல் இருக்க முடியாது. பயனில் பற்றில்லாமல் செயலைச் செய்யும்படி கீதை பெரியவர்களிடம் கேட்கிறது. பெரியவர்கள் ஆயுள் முழுதும் முயன்றும் எட்டாத அந்த நிலையில், பள்ளிக்குப் போகும் வழியில் கரணமடித்த குழந்தைகள் இயல்பாகவே இருந்தார்கள். அந்தச் செயலுக்குப் பயனை, பதக்கத்தை, எதிர்காலத்தைக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் பெரியவர்களே.

இதே கரணத்தை இந்தியச் சட்டம் ஓரிடத்தில் தடுக்கவும் செய்கிறது. சர்க்கஸ்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்யும்படி உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரலில் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, பதினான்கு வயதுக்குட்பட்டோர் திரைப்படம் முதலிய கேளிக்கைகளிலும் விளையாட்டு நிகழ்ச்சிகளிலும் பங்கேற்க நிபந்தனைகளோடு இடம்தந்து, சர்க்கஸை மட்டும் பெயர் சொல்லி விலக்கியது. கூடாரத்தில் குற்றமாகும் கரணம் அரங்கத்தில் பெருமையாவது எதனால்? ஊதியமும் அடிமைத்தனமும் சர்க்கஸில் இருந்தன என்பது விடையின் ஒரு பாதி. மறுபாதி, குழந்தையை அதன் விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும் மாறாக ஈடுபடுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு விதிகள் வகுத்த நிபந்தனையில் அடங்கியிருக்கிறது. அது நிகழ்ச்சிகளைப் பற்றியது. அன்றாடப் பயிற்சிக்குச் சம்மதத்தை யார் கேட்கிறார்கள்? அந்தக் கேள்வி கேட்கப்படாத பயிற்சிக்கூடம், விளக்குகள் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும், கூடாரத்திலிருந்து வெகுதூரம் வந்துவிடவில்லை.

குழந்தைக்கும் உறுதி உண்டு, ஐந்து வயதில் தவம் செய்யக் காட்டுக்குப் போன துருவனைப் புராணம் போற்றவில்லையா என்று கேட்கலாம். போற்றுகிறது, ஆனால் பாகவதத்தில் அவனை எதிர்கொள்ளும் நாரதர் முதலில் செய்வது அவனைத் தடுப்பதுதான். நீ குழந்தை, வீட்டுக்குப் போ என்று சொல்லி, அவன் மறுத்த பிறகே மந்திரத்தைத் தருகிறார். உண்மையான குருவின் முதல் கடமை மறுப்பதற்கான வாய்ப்பைத் தருவது என்று அந்தக் கதை கற்பிக்கிறது. தமிழ் மரபில் இதைவிடக் கடினமான கதை இருக்கிறது. பெரியபுராணத்தின் சிறுத்தொண்டர் வரலாற்றில் பெற்றோரின் பக்தி மகன் சீராளனின் உடலைப் பலிகொடுத்து நிறைவேறுகிறது. பக்தியின் உச்சம் என்று அதை வணங்குவோரும் அந்தப் பகுதியைக் கடக்கும்போது குரல் தழுதழுப்பார்கள். அழைத்ததும் பிள்ளை பள்ளியிலிருந்து வருவதுபோல் ஓடிவருவதாகச் சேக்கிழார் காட்டுவதால்தான் அந்த வரலாறு தாங்கக்கூடியதாகிறது. மகனை மீட்டுத்தரும் இறைவன் அங்கே இருந்தான். நொறுங்கிய மணிக்கட்டையும் கழிந்துபோன எட்டு வயதையும் மீட்டுத்தரும் வல்லமை எந்த விளையாட்டுக் கூட்டமைப்புக்கும் இல்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டபின், இளமையில் தொடங்காவிட்டால் சிறப்பு வாராது என்ற வாதம் எஞ்சுகிறது. அகர்தலாவின் தீபா கர்மாகர் ஆறு வயதில் தொடங்கினார். தட்டைப் பாதங்களோடு போராடி, 2016 ரியோ ஒலிம்பிக்கின் வால்ட் போட்டியில் 0.150 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காமிடம் பெற்றார். சங்கீதத்தையும் வேதத்தையும் கூடச் சிறுவயதில்தான் தொடங்குகிறார்கள். தொடங்குவதில் தவறில்லை, விரைவதில்தான் இருக்கிறது. தீபா ஆசிய வால்ட் பட்டத்தை வென்றது 2024இல், தம் முப்பதாம் வயதில். மேற்கு வங்கத்தின் பிங்லாவில் பிறந்த பிரணதி நாயக் ஒலிம்பிக் மேடை ஏறியபோது இருபத்தாறு வயது. 1976இல் மாண்ட்ரியலில் பதினான்கு வயதில் முழுப் பத்து மதிப்பெண் பெற்ற நாடியா, இன்றைய விதிப்படி அந்தப் போட்டியில் கலந்துகொள்ளவே முடியாது. மகளிருக்கான குறைந்தபட்ச வயது 1981இல் பதினைந்தாகவும் 1997இல் பதினாறாகவும் உயர்த்தப்பட்டது. சர்வதேச மேடை பதினாறு வரை காத்திருக்கச் சொல்லும்போது, ஏழு வயதில் அவசரப்படுவதற்கு ஒரு நியாயமும் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் அந்தரத்தில் தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு தப்பியதும் அணிப் போட்டியிலிருந்து விலகினார். இருபத்து நான்கு வயதில் உலகப் புகழோடு அவரால் சொல்ல முடிந்த மறுப்பை, பெயரில்லாத ஒரு சிறுமியும் சொல்ல முடிய வேண்டும். அவள் சொன்னால் அன்றைய பயிற்சி நிற்க வேண்டும்.

அந்த மறுப்பைக் கேட்கப் பெற்றோர் அருகில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவர் லாரி நாசரால் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்ட சிறுமிகள் பலர் பயிற்சிபெற்ற டெக்சஸ் முகாமுக்குள் பெற்றோர் அனுமதிக்கப்படவில்லை. ஆகவே கொல்கத்தாவிலோ சென்னையிலோ தம் குழந்தையை இப்பயிற்சியில் சேர்க்கச் செல்லும் பெற்றோர், அந்தக் கூடம் எத்தனை பதக்கம் வென்றது என்று கேட்பதற்கு முன், பயிற்சி நேரம் முழுதும் உள்ளே உட்கார்ந்து பார்க்கத் தங்களுக்கு அனுமதி உண்டா, வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் என்ன செய்வார்கள் என்ற இரண்டையும் விசாரிக்க வேண்டும். தெளிவான விடை கிடைக்காவிட்டால் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும்.