ஊருணிக்கு யார் நன்றி சொல்வது?

காலையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குள் பையும் கையுமாக நுழைகிறவர்களில் பலர் அங்குள்ள புத்தகத்தைத் தேடி வருவதில்லை. பைக்குள் சொந்தப் புத்தகம் இருக்கிறது. கூடவே தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸும். சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே அங்கே ஒரு பகுதி உண்டு. ஒற்றை அறையில் தம்பி தூங்க, பாட்டி டிவி பார்க்க, அம்மா குக்கர் வைக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கிடைக்காத நான்கு பொருள்கள் இங்கே கிடைக்கின்றன: ஒரு மேசை, ஒரு நாற்காலி, நல்ல வெளிச்சம், சத்தமில்லாத ஒரு பகல். 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த இந்த நூலகத்தில், மேசையில் உட்காருமுன் "அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று யாரும் கேட்பதில்லை.

நிர்வாகச் செய்தி போலத் தோன்றும் இந்தக் கேள்வியின்மைக்குள் பழைய ஆன்மிகச் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது.

கொடுப்பது அறம் என்பதில் மதங்களுக்குள் சண்டை இல்லை. ஆனால் அந்த அறத்தின் கணக்குப் புத்தகம் பெரும்பாலும் கொடுப்பவர் பெயரிலேயே திறக்கப்படுகிறது. புண்ணியம் அவருக்கு, பாவம் தொலைவது அவருக்கு, மறுமையில் இடமும் அவருக்கு. வாங்குகிறவருக்குச் சோறோ நோட்டுப் புத்தகமோ கிடைக்கிறது. அதோடு அவர் கதை முடிகிறது. வாங்கும்போது அவருக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

வள்ளுவர் கேட்டார். ஈகையைப் பாடிய அவர்தான் இரவச்சம் என்று பிச்சைக்கு அஞ்சுவதற்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். பசுவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்பதுகூட நாக்குக்கு இழிவு என்கிறார் அங்கே. தனக்காக அல்ல, வாயில்லாத உயிருக்காக. பொன்னோ பொருளோ அல்ல, வெறும் தண்ணீர். அதைக் கேட்பதற்கே நாக்கு கூசுகிறது. இதை வைத்துக்கொண்டு, ஈகைக்கு முன்னால் அவர் வைத்த ஒப்புரவறிதல் அதிகாரத்தைப் படித்தால் ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. அங்கே வரும் உவமைகள் மழை, ஊருணி, ஊருக்குள் பழுத்த மரம், மருந்து மரம். எவற்றுக்கும் முகமில்லை. ஊருணியில் தண்ணீர் மொள்ளுகிறவர் யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. ஈகையில் இரண்டு முகங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒப்புரவில் ஒரு முகம் மறைந்துவிடுகிறது.

கேட்க வாய் வராதவரின் துன்பத்தை 19ஆம் நூற்றாண்டில் மறுபடி கையிலெடுத்தவர் வள்ளலார். சென்னை ஏழுகிணறு வீராசாமி தெருவில் பல ஆண்டுகள் குடியிருந்தவர் அவர். நகரத்து ஒண்டுக்குடித்தனம் அவருக்குத் தெரியாததல்ல. ஜீவகாருணிய ஒழுக்கத்தில், பசித்தும் மானத்தால் கேட்க முடியாமல் உள்ளுக்குள்ளேயே வாடுகிறவர்களைத் தனியாக எண்ணிப் பார்க்கிறார். 1867 மே 23 அன்று வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையில் பசி ஒன்றே தகுதி. சாதி, சமயம், நடத்தை எதையும் விசாரிக்கக் கூடாது. அன்று மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது.

ஏழைக்குச் செய்யும்போது உயரத்தில் நின்று செய்யாதே, அவன் உனக்கு வாய்ப்புத் தந்தான் என்று நீ நன்றி சொல் என்றார் விவேகானந்தர். கொடுப்பவரின் செருக்கை அது நொறுக்கிவிடுகிறது, உண்மைதான். ஆனாலும் ஒரு நெருடல் மிஞ்சுகிறது. ஏழை இங்கேயும் இன்னொருவரின் மனத்தைப் பக்குவப்படுத்தும் பயிற்சிக்கூடமாகத்தான் நிற்கிறான். குர்ஆன் வேறு சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரு பங்கு உண்டு, அது அவர்களுடைய உரிமை என்கிறது. உரிமையை வாங்கிக்கொள்பவர் குனிய வேண்டியதில்லை.

சென்னையில் இந்த உரிமைக் குரல் மாநகராட்சி மன்றத்திலேயே ஒலித்தது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது. திட்டம் வேறு நான்கு பள்ளிகளுக்கும் பரவி, பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஏறியது. தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவிடச் சட்டத்தில் இடமில்லை என்பதால் 1925இல் அது நின்றுபோனது. சோறு போடுவது கல்விச் செலவா, தருமமா என்ற கேள்வியில் அன்று அரசாங்கம் தருமம் என்றே நினைத்தது. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இன் சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவு எல்லாம் அந்த நினைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிய படிகள்.

மாற்றம் சொல்லிலும் நடந்தது. 2011க்குப் பிறகு அரசு ஆவணங்களில் 'இலவச' மடிக்கணினி 'விலையில்லா' மடிக்கணினி ஆனது. வெறும் பூச்சு என்று சிரித்தவர்கள் உண்டு. 2013இல் வந்த அம்மா உணவகத்தைப் பார்த்து அப்படிச் சிரிக்க முடியாது. இட்லி ஒரு ரூபாய். அதைச் சும்மாவே கொடுத்திருந்தாலும் அரசுக்குப் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. வரிசையில் நின்று ஐந்து ரூபாய் கொடுத்து டோக்கன் வாங்கும் சுமைத் தொழிலாளிக்கு வித்தியாசம் இருக்கிறது. அவர் வாடிக்கையாளர். "சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்று அதட்டிக் கேட்கலாம்.

இதற்கு நேர் எதிர்க் காட்சியும் இதே நகரத்தில் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்கு, நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிக்கும் தாய், ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் என்று சான்று காட்ட வேண்டும். மூன்று வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? வேலைக்கு அரை நாள் லீவு சொல்லி, ரேஷன் கார்டு, ஆதார், ஜெராக்ஸ் கட்டோடு இ-சேவை மையத்தில் காத்திருக்கிறார். கணினி முன் இருப்பவர் திரும்பாமல் கேட்கிறார்: "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" பின்னால் நிற்கும் ஏழெட்டுப் பேருக்கும் பதில் கேட்கும். வறுமையை நிரூபிப்பது என்றால் இப்படித்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஊருணி ஆக்கிவிட்டால் போதுமா? இரண்டு தடைகள் எழுகின்றன. முதலாவது எளிது. எல்லோருக்கும் திறந்துவிட்டால் வசதியானவரும் மொண்டுகொள்வாரே என்பது. மொள்ளட்டும், அவர் பிள்ளையும் அதே மேசையில் உட்காரும்போதுதான் அந்த மேசை ஏழைக்கான மேசை என்ற பெயர் வாங்காமல் தப்பிக்கிறது. காலை உணவுக்கு வருமானச் சான்று கேட்காததன் பலனும் இதுதான்.

இரண்டாவது தடைதான் கனமானது. ஊருணிக்கு யார் பெயரும் தெரியாது. மூன்று நாளாகத் தண்ணீர் எடுக்க வராத பெண்ணை அது தேடாது. பள்ளியை விட்டுப் பிள்ளை நழுவுவது சத்தமில்லாமல் நடப்பது. பெயர் தெரிந்த ஒருவர் கவனித்தால்தான் தெரியும். வாங்குபவரின் மானத்தைக் காக்கக் கொடுப்பவரின் முகத்தை மறைத்தால், வாங்குபவரின் முகமும் சேர்ந்து மறைந்துவிடுகிறது.

கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' இந்த முடிச்சைத் தெரிந்தோ தெரியாமலோ தொட்டது. பாடம் சொல்லித் தந்த தன்னார்வலர்கள் பெரும்பாலும் அந்தந்தப் பகுதிப் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாலையில் ஒன்றரை மணி நேரம், திண்ணையிலோ மாடிப்படியிலோ கோயில் மண்டபத்திலோ வகுப்பு. அந்த அக்கா மேடையில் நின்று நோட்டு வழங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் புரவலர் அல்ல. முகமில்லாத ஊருணியும் அல்ல. எந்த வீட்டில் சண்டை, எந்தப் பிள்ளைக்குக் கண் மங்கல், யார் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்றின் சாயங்காலத்தை நினைத்துப் பார்க்கலாம். படிக்கட்டில் பத்துப் பிள்ளைகள். ஓர் இடம் காலி. அக்கா எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "ரெண்டு நாளா ஆளக் காணோமே, ஏன்?" மேலே இருந்து அம்மா, "இதோ அனுப்புறேன் அக்கா, காய்ச்சல் விட்டுடுச்சு" என்கிறார். கீழே தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. அக்கா வகுப்பை விட்டு எழ முடியாது. மேலே பேசிய அம்மா இறங்கிவந்து, வரிசையில் தன் குடத்துக்குப் பக்கத்தில் அக்காவின் குடத்தையும் வைக்கிறார்.