ஒப்புதலும் உண்மையும்

"அப்படியானால் அந்தச் சிறுமியைக் கொன்றவன் யார்?"

சில திங்களுக்கு முன் உறவினர் ஒருவர் இல்லத்தில் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் ஒரு பகுதியைக் கண்டோம். முடிந்ததும் அங்கிருந்தோர் ஒரே குரலில் எழுப்பிய வினா இது. கதை அதற்கு விடை கூறாமலே முடிந்துவிட்டது. வீட்டுப் பெரியவர் முகம் சுளித்து எழுந்து சென்றார். எனக்கும் சினமே. குற்றக் கதை என்றால் இறுதியில் குற்றவாளி அகப்பட வேண்டும். அதற்காகத்தானே அவ்வளவு நேரம் அமர்ந்திருந்தோம்! ஆயினும், அறிய இயலாத ஒன்றை அறியவில்லை என்று ஒரு கதை நேர்மையாகச் சொன்னதற்கு நாம் ஏன் சினம் கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பின்னர் என்னை விடவில்லை. அதனை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தொடரின் பெயர் 'ஹோமிசைட்: லைஃப் ஆன் தி ஸ்ட்ரீட்'. பால்டிமோர் நகரத்துக் கொலை வழக்குப் பிரிவினரைப் பற்றிய இத்தொடர், 1993 முதல் 1999 வரை என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்தது. டேவிட் சைமன் என்ற செய்தியாளர் 1988ஆம் ஆண்டு முழுவதும் அப்பிரிவினருடன் இருந்து, கண்டவற்றை எழுதி 1991இல் வெளியிட்ட நூலே இதற்கு அடிப்படை. நாங்கள் கண்ட பகுதி 'த்ரீ மென் அண்ட் அடீனா' என்பது. 1993 மார்ச்சில் ஒளிபரப்பானது. டாம் ஃபொன்டானா இதனை எழுதியமைக்காக எம்மி விருது பெற்றார்.

அடீனா என்னும் 11 வயதுச் சிறுமி கொலையுண்டு கிடக்கிறாள். ரிஸ்லி டக்கர் என்ற முதியவர்மேல் ஐயம் விழுகிறது. குதிரை வண்டியில் பழம் ஏற்றித் தெருத்தெருவாகக் கூவி விற்பவர் அவர். (இத்தகைய வணிகரைப் பால்டிமோரில் 'அராபர்' என்பர், அந்நகரின் பழந்தொழில்களுள் ஒன்று.) சிறுமி அவருடைய குதிரைகளைக் காண வந்து போனவள். அவளது ஆடையில் இருந்த கரி, அவருடைய எரிந்துபோன கொட்டகையின் கரியோடு ஒத்திருக்கிறது. வேறு வலுவான சான்று இல்லை. அவரை வினவுவதற்குக் காவலருக்கு எஞ்சியிருப்பது 12 மணி நேரம். அதற்குள் அவர் வாயால் ஒப்புக்கொண்டால் வழக்கு நிற்கும். இல்லையேல் அவரை விட்டுவிட வேண்டும்.

கதை ஏறக்குறைய முழுவதும் ஒரே அறைக்குள் நிகழ்கிறது. வினவுவோர் இருவர். டிம் பெய்லிஸுக்கு இதுவே முதல் கொலை வழக்கு; டக்கரே கொலைஞர் என்ற உறுதியுடன் உள்ளே நுழைகிறார். ஃபிராங்க் பெம்பிள்டனோ பழுத்த அனுபவசாலி. ஒப்புதல் பெறுவதை ஒரு விற்பனைக் கலை என்றே தொடரின் முதற் பகுதியில் அவர் விளக்கியிருப்பார்: தேவையே இல்லாத சரக்கை ஒருவன் தலையில் கட்டுவது போல, நெடுஞ்சிறையையும் அவனே விரும்பி வாங்குமாறு செய்ய வேண்டுமாம். இனிமையாகப் பேசுகிறார்கள், உரக்கக் கத்துகிறார்கள், குடிப்பழக்கத்தைக் கிளறுகிறார்கள். ஒரு கட்டத்தில் பெய்லிஸ் முதியவரின் மேல் கையும் வைத்துவிடுகிறார். மோசஸ் கன் என்ற நடிகர் டக்கராக நடித்திருக்கிறார். அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் மறைந்தார். சோர்ந்து துவண்ட அந்த முகத்தை எளிதில் மறக்க இயலாது.

இறுதியில் டக்கர் உடைகிறார். ஆனால் வெளிவருவது கொலையன்று. அச்சிறுமியின்பால் தம் உள்ளத்தில் இருந்த, வெளியே சொல்லக் கூசும் காதலை அழுதுகொண்டே கூறிவிடுகிறார். கொன்றேன் என்று மட்டும் அவர் கூறவில்லை. நேரம் முடிகிறது; அவரை விட்டுவிடுகிறார்கள்.

அதன் பின்னர் வருவதுதான் என் எண்ணத்தைக் கிளறியது. தொடக்கத்தில் அத்துணை உறுதி இல்லாதிருந்த பெம்பிள்டன், அவரே கொலைஞர் என்று இப்போது நம்புகிறார். உறுதியோடு நுழைந்த பெய்லிஸுக்கோ, இப்போது உறுதி இல்லை! இருவரும் ஒரே அறையில் இருந்தனர். ஒரே சொற்களைக் கேட்டனர். ஒரே கண்ணீரைக் கண்டனர். ஒருவருக்கு அக்கண்ணீர் குற்றத்தின் அடையாளம். மற்றவருக்கு அது துயரத்தின் அடையாளம். எனில், 'எனக்கு உறுதியாகத் தெரியும்' என்று நாம் கூறும்பொழுது பொருளைப் பற்றிக் கூறுகிறோமா, நம் மனத்தின் நிலையைப் பற்றிக் கூறுகிறோமா?

ஐயம் என்பது கோழையின் புகலிடம் என்று சிலர் கூறக்கூடும். கொல்லப்பட்டவள் ஒரு குழந்தை. அவளுக்கொரு தாய் இருக்கிறாள். 'எனக்குத் தெரியவில்லை' என்று அந்தத் தாயின் முன்னே நின்று கூற இயலுமா? இது எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வியன்று. பெய்லிஸை அவ்வறைக்குள் உந்தியதும் அத்தாயின் துயரமே. எனினும் அத்தாய்க்குத் தேவை ஒரு பெயர் மட்டுமன்று, மெய்யான பெயர். அந்த வேறுபாடு, நள்ளிரவில் களைத்துப்போன இரண்டு மனிதருக்கு மறந்துபோவது மிக எளிது.

இத்தொடரே அதனைப் பிறிதோரிடத்தில் காட்டுகிறது. 1994இல் வந்த 'பிளாக் அண்ட் புளூ' என்ற பகுதியில், மேலதிகாரியின் வற்புறுத்தலால் மனம் கசந்த பெம்பிள்டன், குற்றமற்றவன் எனத் தாம் அறிந்த ஒருவனிடமிருந்தே ஒப்புதலைப் பெற்றுக் காட்டுகிறார். அதே திறமை, அதே இனிய குரல். ஆந்த்ரே பிராவர் அதனை நடித்துக் காட்டும்போது, பார்ப்பவருக்கும் அந்த இளைஞன்மேல் ஒரு கணம் ஐயம் எழுகிறது.

கற்பனை என்று இதனைத் தள்ளிவிட இயலாது. 1989இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் பெண்ணொருவர் கொடுமையாகத் தாக்கப்பட்ட வழக்கில், 14 முதல் 16 வயது வரையிலான ஐந்து சிறுவர்கள் தண்டனை பெற்றனர். நெடுநேர விசாரணைக்குப் பின், அவர்களுள் நால்வர் ஒளிப்பதிவுக் கருவியின் முன்னிலையில் ஒப்புதல் அளித்திருந்தனர். 2002இல் வேறொருவன் தானே அதனைச் செய்ததாகக் கூறினான். மரபணுச் சோதனையும் அவனையே காட்டியது. தீர்ப்பு நீக்கப்பட்டது, போன இளமை திரும்பவில்லை. அந்நாட்டில் மரபணுச் சோதனையால் குற்றமற்றோர் என மெய்ப்பிக்கப்பட்டவர்களுள் நான்கில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோரின் வழக்குகளில் பொய்யான ஒப்புதல் இடம்பெற்றிருந்தது.

மீண்டும் டக்கரிடம் வருவோம். அவர் கொலைஞர் அல்லர் என்றே வைத்துக்கொள்வோம். அவ்வறையில் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது என்ன? செய்த குற்றமன்று; செய்யாது உள்ளத்திலேயே அடக்கி வைத்திருந்த ஒன்று. எண்ணம் இழிந்ததே, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒருவன் தன்னுள் அடக்கி ஆண்ட இழிவை அயலார் இருவர் முன் கொட்டச் செய்த பின்னர், 'போகலாம்' என்று கதவைத் திறந்துவிட்டால் அவன் எங்கே போவான்? அவர் கொலைஞராகவே இருப்பினும், அவருக்கு நேர்ந்தது தண்டனையும் ஆகாது, நீதியும் ஆகாது. இந்த இடத்தில்தான், யார் கொன்றது என்று எரிச்சலோடு கேட்ட என் வினாவும் அவ்வறைக்குள் மூன்றாவது காவலனாக அமர்ந்திருந்ததை உணர்ந்தேன். அவர் ஒப்புக்கொள்ள வேண்டுமென நானும் விரும்பினேன். உண்மைக்காக அன்று, படம் முடிய வேண்டும் என்பதற்காக.

காவலரின் அலுவலகத்தில் வெண்பலகை ஒன்று உண்டு. தீர்ந்த வழக்கில் இறந்தோரின் பெயரைக் கறுப்பு மையாலும், தீராத வழக்கில் இறந்தோரின் பெயரைச் சிவப்பு மையாலும் அதில் எழுதுவர். ஏழு பருவங்கள் ஓடி 1999இல் தொடர் நிறைவுற்றபோதும் அடீனாவின் பெயர் கறுப்புக்கு மாறவில்லை. சைமன் நூலில் பதிவு செய்த, இக்கதைக்கு மூலமான 1988ஆம் ஆண்டின் வழக்கிலும் கொலைஞர் இன்னும் அறியப்படவில்லை.