தாங்கும் ஆற்றலும் தாங்க வைக்கும் உரிமையும்

பசறையிலிருந்து லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் வீதி, மலைநாட்டிலிருந்து வரண்ட சமவெளிக்கு நம்மைக் கொண்டுசேர்க்கிறது. ஆனி முதல் புரட்டாதி வரை, மேற்கு மலைகளில் தன் மழையைக் கொட்டித் தீர்த்த தென்மேற் பருவக்காற்று ஊவாவின்மீது உலர்காற்றாக வீசுகிறது. அக்காற்றில் தேயிலைக் கொழுந்து மெல்லத் துளிர்க்கிறது, மணம் ஏறுகிறது. ஆடி, ஆவணி மாதங்களில் பறிக்கப்படும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்புண்டு. அதே காலத்தில், கீழே மொனராகலைச் சமவெளியின் சிறு குளங்கள் வற்றுகின்றன. அறுவடை நெருங்கத் துருசு மூடப்படுகிறது. வாய்க்காலின் தரை பாளம் பாளமாக வெடிக்கிறது. பின்னர் ஐப்பசி மழை வருகிறது. வாய்க்காலில் நீர் ஓடிச் சில நாட்களுக்குள் மீனும் துள்ளுகிறது. அந்த மீன் எங்கிருந்து வந்தது?

மழையோடு வானத்திலிருந்து வீழ்ந்தது என நம்பியோர் உண்டு. வற்றிய குளத்துச் சேற்றை வெட்டிக் கிராமத்தவர் உயிருள்ள மீனை எடுப்பதை, இங்கு குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1861 இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில் வியந்து எழுதினார். கிராமத்தவருக்கோ அது வியப்பன்று. விரால், பனையேறிக் கெண்டை, கெளுத்தி வகையுட் சில ஆகியவற்றுக்குச் செவுளின் மேற்புறத்தில் காற்றை உறிஞ்சும் தனி உறுப்பு இருக்கிறது. நீர்மட்டத்திற்கு வந்து காற்றைக் குடிக்காவிடில் விராலும் பனையேறியும் நீருக்குள்ளேயே மூச்சடைத்து மடியும். ஆதலால், நீர் குறுகும்போது அவை ஈரச்சேற்றினுள் புகுந்து, அசைவைக் குறைத்து, மழையை எதிர்பார்த்துக் கிடக்கின்றன. சேற்றின் ஈரம் முற்றாக வற்றிவிட்டால் அவற்றுக்கும் விமோசனம் இல்லை.

ஆபிரிக்காவின் நுரையீரல் மீன் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. தன் உடலிற் சுரக்கும் பசையாலேயே கூடு கட்டிக்கொண்டு, காய்ந்த மண்ணினுள் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ அதனால் முடியும். அவ்வளவு காலமும் அது எதை உண்கிறது? தன் தசையையே உண்கிறது.

இவ்வற்புதத்தைக் கண்டு மகிழ்பவர் வாய்க்காலின் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். காற்றைக் குடிக்கும் உறுப்பில்லாத சிறு கெண்டைகளும் குஞ்சுகளும் கடைசிக் குட்டையில் திரண்டு, சூடேறிய நீரில் மடிகின்றன. எஞ்சியவை கொக்குக்கும் நாரைக்கும் இரையாகின்றன. ஐப்பசியில் துள்ளும் மீன், பிழைத்த மீன் மட்டுமே. அதனைக் காட்டி, "மீன் எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்போர் மடிந்தவற்றைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

மேலும், மழை பொய்ப்பதும் துருசு மூடப்படுவதும் ஒன்றல்ல. காவிரிக்குக் குறுக்கே 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஜூன் 12 இல் திறந்து ஜனவரி 28 இல் மூடுவது வழக்கம். அதன் பின் தஞ்சை வாய்க்கால்கள் வரண்டு கிடப்பது வானத்தின் செயல் மட்டுமன்று. மனிதர் வகுத்த ஒழுங்கும் ஆகும். அவ்வொழுங்கு நியாயமானதாக இருக்கலாம். ஆயினும் ஒழுங்கை வகுத்தவன் அதன் விளைவுக்குப் பொறுப்பாளியன்றோ? மீனின் தாங்கும் ஆற்றல் அவனுடைய பொறுப்பைக் குறைத்துவிடுமா?

இக்கேள்வி ஊவாத் தோட்டங்களில் வாழும் நமக்கு மீனைப்பற்றிய கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. திருச்சி, தஞ்சை, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். 1948 இன் குடியுரிமைச் சட்டம் நம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. நாடற்று எஞ்சியோருக்கு 2003 இன் சட்டமே குடியுரிமை அளித்தது. இத்தனை ஆண்டுகளும் மக்கள் தாங்கினர். "தோட்டத்துச் சனம் எதையும் தாங்கும்" என்ற வாசகம் துரைமாரின் வாயிலும் அரசியல்வாதிகளின் மேடையிலும் பாராட்டுரையாகவே ஒலித்து வந்திருக்கிறது.

தாங்குதல் மேன்மையன்றா எனச் சிலர் கேட்கலாம். லயத்தின் ஒற்றை அறையில் பிள்ளைகளை வளர்த்து, எழுத்தறிவித்து, காமன் கூத்தையும் தப்பின் ஓசையையும் அழியாது காத்த நம் மூதாட்டியரின் உறுதி மேன்மையே. அதனை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால், அம்மேன்மை தாங்கியவருக்கே உரியது. தாங்க வைத்தவன் அதனைத் தன் தரப்புச் சாட்சியாக எடுத்துக்காட்டும் உரிமையற்றவன். உயிர் பிழைத்திருப்பது சம்மதம் ஆகாது.

தாங்குதலுக்கு விலையும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் அரச சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற வளர்ச்சி பெறவில்லை. நாடு முழுவதையும் எடுத்தால் அது ஏறத்தாழ ஆறில் ஒருவர். நுரையீரல் மீன் தன் தசையை உண்டு காலங்கடத்துகிறது. நாம் நம் குழந்தைகளின் உயரத்தைக் கொடுத்துக் காலங்கடத்தியிருக்கிறோம். 2014 ஒக்டோபர் 29 இல், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மீனுக்கு அடைக்கலமாகும் சேறு அங்கே மனிதருக்குப் புதைகுழியாயிற்று.

வேறு வழி இல்லாமலில்லை; அதை இந்த நாட்டுக் குளங்களே காட்டுகின்றன. குளத்தின் துருசு அடித்தரைக்குச் சற்று மேலாகவே அமைந்திருக்கும். வயலுக்கு எவ்வளவு நீர் பாய்ந்தாலும் அதற்குக் கீழுள்ள நீர் வெளியேறாது. மாட்டுக்கும் மீனுக்கும் அது எஞ்சி நிற்கும். நீர் போதாத போகத்தில், சிங்களக் கிராமத்தவர் வயலின் ஒரு பகுதியை மட்டும் விதைத்து, அப்பகுதியை எல்லாப் பங்காளருக்கும் பிரித்துக் கொள்வர். பெத்ம என்பது அவ்வழக்கம். வரட்சி வரும்போது, தாங்கக்கூடியவன் எவன் என்று தேடி அவன் தலையில் அதைச் சுமத்தாமல், எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் நீதி அது.

ஆதலின், மீன் எவ்வாறு பிழைத்தது என வியந்த பின், துருசு எவர் கையில் இருக்கிறது, அடியில் எவ்வளவு நீர் விடப்பட்டது என்றும் நாம் கேட்டாகவேண்டும். அடுத்த முறை எவரேனும் நம் பொறுமையைப் பாராட்ட மேடையேறும்போது, அவரிடம் இவ்விரு கேள்விகளையும் கேட்போம்.