கணக்கும் கருணையும்

புயல் ஓய்ந்தபின் வீதியில் கிடக்கும் மரங்களையும் இடிபாடுகளையும் அகற்றுவது தர்மம் என்பதை யாரும் மறுக்கமாட்டார். அதற்குக் கணக்கு எழுதுவதும் தர்மமாகுமா?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1988-ஆம் ஆண்டு ஸ்டாஃபோர்டு சட்டப்படி, ஜனாதிபதி பேரழிவை அறிவித்துப் பொது உதவியை அனுமதித்த இடங்களில், துப்புரவுக்கு ஊர்நிர்வாகம் செய்த தகுதியான செலவில் 100-க்கு 75-க்குக் குறையாமல் மத்திய அரசு திருப்பித் தருகிறது. ஆனால் எந்த லாரி எத்தனை பாரம் ஏற்றியது, எங்கே கொட்டியது, யார் எத்தனை மணி உழைத்தார் என்று சீட்டுக் காட்ட வேண்டும். ஓரிரு குமாஸ்தாக்களே உள்ள சிற்றூர் என்ன செய்யும்? கணக்குத் தவறினால் பணம் வராது; வந்ததையும் தணிக்கைக்குப்பின் திருப்பிக் கேட்கலாம். அந்தச் சுமை வரியாக ஏழையின் தலையிலும் விழும்.

ஆகவே அவ்வூருக்குக் கணக்கெழுத உதவுபவன், மண்வெட்டி பிடித்தவனுக்குக் குறைந்தவனல்லன். கூலி வாங்காத தொண்டர்களின் உழைப்புங்கூட, பெயர், நேரம், இடம், வேலை ஆகியவை முறையாகப் பதிவாகியிருந்தால், ஊர் ஏற்கவேண்டிய பங்கில் ஈடுசெய்யப்படும்.

"நொந்துபோன ஊர்தானே! பத்துப் பாரத்தைப் பதினைந்து என்று எழுதினால் பாவமா?" என்று சிலர் கேட்கலாம். பாவந்தான். அரசாங்கப் பணம் கேட்பாரற்ற பணமன்று. நாளை புயலில் வீடிழக்கும் வேறோர் ஊராருக்கும் அதில் பங்குண்டு. கூட்டி எழுதுவது அவர்களிடம் செய்யும் களவு. சோம்பலால் எழுதாமல் விடுவது சொந்த ஊருக்குச் செய்யும் துரோகம்.

பிரியமானவர்களே, சங்கக் கணக்கோ, நிவாரணக் கணக்கோ, பிறர் பணம் நம் கைக்கு வரும்போது, நடந்ததை நடந்தபடி அன்றன்றே எழுதிவைப்போமாக. அதுவும் பிறரன்பே.