இனாமா, கூலியா?



மனச்சாட்சியைப் பற்றிய பாடம் நடக்கும்போது, ஒரு கற்பனை வழக்கை எடுத்து வைத்து, அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பது குருமடத்துப் பழக்கம். இந்த வாரம் அப்படிப்பட்ட வழக்கு ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். அது பசிபிக் கடலில் நடக்கும் உல்லாசக் கப்பல் பிரயாணத்தைப் பற்றியது. “நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?” என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். சம்பந்தம் உண்டு; கடைசியில் தெரியும்.

கனடா தேசத்து வான்கூவர் நகரில் ஓய்வூதியத்தில் வாழும் வயோதிகத் தம்பதிகள் இருவர் என்று வைத்துக்கொள்வோம். வெப்பக் கடலும் தென்னந்தோப்பும் உள்ள தீவுகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாளைய ஆசை. கோடையில் அலாஸ்காவுக்குப் போய்வரும் கப்பல்கள், குளிர் தொடங்கியதும் தெற்கே இறங்குவது வழக்கம். கப்பல் எப்படியும் இடம் மாறித்தான் ஆகவேண்டும். காலியாகப் போவதைவிட ஆளேற்றிப் போவது லாபம். ஆகையால் இப்பிரயாணங்களில் நாள் ஒன்றுக்கு விழும் கட்டணம் பெரும்பாலும் குறைவு. வான்கூவரிலிருந்து ஹவாய்த் தீவுகளின் ஹோனலுலு வரை 10 நாள். அங்கிருந்து போரா போரா, ராயாட்டேயா, மூரேயா வழியாகத் தாஹித்தியின் பாப்பேத்தே துறை வரை 12 நாள். கப்பலும் அறையும் ஒன்றே. சீட்டு மட்டும் இரண்டு. ஒன்று முடிந்த அன்றே மற்றது தொடங்குகிறது.

பெரியவர் கணக்கு நோட்டை விரிக்கிறார். ஓர் அறைக்கு இருவர் என்று வைத்தே தலைக்கு இவ்வளவு எனக் கட்டணம் போடுகிறார்கள். தம்பதிகளுக்கு அதனால் நஷ்டமில்லை. துறைமுக வரி, பாப்பேத்தேயிலிருந்து வீடு திரும்ப விமானச் சீட்டு, வயதுக்கேற்ற வைத்தியக் காப்புறுதி, கரையில் சுற்றிப் பார்க்கும் செலவு ஆகியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுகிறார். கடைசி வரி, ஊழியர்களுக்கான ‘டிப்ஸ்’. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இது தலைக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை இருக்கிறது. 18 என்று வைத்தால் இருவருக்கு 22 நாளைக்கு 792 டாலர்.

கூட்டிப் பார்த்தால் கையிலுள்ள பணத்துக்கு ஏறக்குறைய 800 டாலர் மேலே போகிறது. அப்போது அனுபவப்பட்ட சிநேகிதர் ஒருவர் யோசனை சொல்லுகிறார்: “அந்த டிப்ஸ் கட்டாயமல்லவே! கப்பல் அலுவலகத்தில் போய்ச் சொன்னால் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். இரண்டு பிரயாணமும் உங்கள் பணத்துக்குள் அடங்கிவிடும்.”

எடுக்கச் சொல்லலாமா? இதுதான் வழக்கு.

தீர்ப்புச் சொல்லுமுன் ஒரு தப்பெண்ணத்தை நீக்கவேண்டும். உல்லாசப் பிரயாணமே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. உழைத்த சரீரத்துக்கு ஓய்வு வேண்டியிருப்பதுபோல மனதுக்கும் இளைப்பாற்றி வேண்டும் என்றும், அளவோடு கூடிய விளையாட்டிலும் ஒரு புண்ணியம் உண்டு என்றும் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் விளக்கியிருக்கிறார். முதிர்ந்த வயதில் கணவனும் மனைவியுமாகக் கடல் பார்க்கப் போவதில் குற்றமில்லை. செலவைக் கணக்கிடுவதும் குற்றமல்ல. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பானென்று ஆண்டவரே உவமை சொல்லவில்லையா? நம்முடைய கேள்வி வேறு: அந்தக் கணக்கில் யாரைச் சேர்த்தோம், யாரை விட்டோம்?

இனி, சிநேகிதர் சொல்லக்கூடிய நியாயங்களைப் பார்ப்போம்.

முதல் நியாயம்: “டிப்ஸ் என்பது இனாம். இனாம் கொடுப்பதும் கொடாததும் என் இஷ்டம்.”

இனாமாயிருந்தால் இது சரியே. ஆனால் பெயரைக் கொண்டு பொருளைத் தீர்மானிக்கக் கூடாது. பல கப்பல்களில் அறை ஊழியருக்கும் சாப்பாடு பரிமாறுகிறவருக்கும் அடிப்படைச் சம்பளம் சொற்பம். இந்தத் தொகை வந்து சேரும் என்ற எண்ணத்தின் மேல்தான் அவர்களுடைய மாத வருமானம் நிற்கிறது. உங்கள் கண்ணில் படாமல் கீழ்த்தளத்தில் துணி வெளுக்கிறவரும் பாத்திரம் கழுவுகிறவரும் இதில் பங்கு பெறுவதுண்டு. ஒருவன் வேலை செய்கிறான். அந்த வேலைக்காக இது வருமென்று எதிர்பார்க்கிறான். எதிர்பார்க்கும்படி சொல்லியே அவனை வேலைக்கு எடுத்தார்கள். இதற்கு இனாம் என்று பெயரிட்டாலும், நடப்பில் இது கூலியின் ஒரு பகுதி. கூலிக்காரனின் கூலியை நிறுத்துவது வானத்தை நோக்கி ஓலமிடும் பாவங்களில் ஒன்று என்று நாம் சிறு வயதிலேயே ஞானோபதேசத்தில் படித்தோம்.

இரண்டாம் நியாயம்: “அப்படியானால் கம்பெனியல்லவா முழுக் கூலியும் கொடுக்கவேண்டும்?”

மெய்தான். கம்பெனியின் கடமையை நான் மறைக்கப்போவதில்லை. இந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்ட்டா போன்ற நாடுகளின் கொடியின் கீழ் ஓடுகின்றன. ஹவாய்த் தீவுகளுக்குள் 2005 முதல் ஓடும் ‘பிரைட் ஆஃப் அமெரிக்கா’ என்ற கப்பல் அமெரிக்கக் கொடி உடையது; அதன் ஊழியருக்கு அமெரிக்கச் சட்டப்படி ஊதியம் தரவேண்டும். அதன் கட்டணம் உயர்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றக் கப்பல்களுக்கு உள்ள பாதுகாப்பு, 2013-ல் அமலுக்கு வந்த கடல் தொழிலாளர் உடன்படிக்கை. அதன்படி ஓய்வு நேரத்தை அளவாகக் கொள்ளும் நாடுகளில், மாலுமிக்கு 24 மணியில் 10 மணிக்கும் 7 நாளில் 77 மணிக்கும் குறையாமல் ஓய்வு தரவேண்டும். வாரத்துக்கு 168 மணி. 77-ஐக் கழித்தால் 91. அவ்வளவு மணி வேலை வாங்கினாலும் சட்டம் மீறப்படவில்லை என்பது இதன் பொருள்.

ஆனால் இதைக் கொண்டு பெரியவர் தப்பித்துக்கொள்ள முடியாது. அவருடைய சீட்டு மலிவாய்க் கிடைத்ததே எதனால்? ஊழியரின் வருமானத்தில் ஒரு பகுதியைக் கட்டணத்துக்கு வெளியே வைத்ததனால் அல்லவா? அந்த மலிவை அனுபவித்துவிட்டு, வெளியே வைத்த பகுதியையும் கொடுக்கமாட்டேன் என்றால், ஒரே ஏற்பாட்டில் இரண்டு தரம் லாபம் எடுத்ததாகும். கம்பெனியின் அநீதியைக் கண்டிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அந்த அநீதிக்கு உள்ளானவனையே தண்டிப்பது என்ன நியாயம்?

மூன்றாம் நியாயம்: “சட்டம் அனுமதிக்கிறது; சிறு சிறு தொகைதானே!”

இதற்கு அந்தக் கடல் வழிச் சட்டமே பதில் சொல்லுகிறது. அமெரிக்கத் துறைகளுக்கிடையே வெளிநாட்டுக் கப்பல் ஆளேற்றிச் செல்லக் கூடாதென்று 1886-ல் அந்நாடு ஒரு சட்டம் செய்தது. ஒருவர் அமெரிக்காவின் சியாட்டில் துறையில் ஏறி, அலாஸ்கா பார்த்து வான்கூவர் சேர ஒரு சீட்டும், அதே கப்பலில் வான்கூவரிலிருந்து ஹோனலுலு போக மற்றொரு சீட்டும் வாங்குகிறார் என்று வையுங்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆனால் அதிகாரிகள் இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்: சியாட்டிலில் ஏறினார், ஹோனலுலுவில் இறங்கினார், நடுவே தூரத்து அந்நிய துறை ஒன்றையும் தொடவில்லை, ஆகவே கூடாது. நம் தம்பதிகள் ஏறுவதும் இறங்குவதும் அமெரிக்காவுக்கு வெளியே ஆனதால் அவர்களுக்குத் தடையில்லை.

சீட்டைத் துண்டாக்கினால் பிரயாணம் துண்டாகிவிடாது என்று மனிதச் சட்டத்துக்கே தெரிகிறது. மனச்சாட்சிக்குத் தெரியாதா? கட்டணம் இவ்வளவு, வரி இவ்வளவு, டிப்ஸ் இவ்வளவு என்று விலையைத் துண்டு துண்டாக்குகிறோம். 2024 ஜூலையில் கலிபோர்னியா மாகாணச் சட்டம் ஒன்று அமலுக்கு வந்தபின், பெரிய நிறுவனங்கள் பல துறைமுக வரியையும் சேர்த்தே விலையை விளம்பரப்படுத்துகின்றன. ஆனால் டிப்ஸ், கட்டாயமல்ல என்ற காரணத்தால், இன்னும் வெளியே நிற்கிறது. அதை உள்ளே கொண்டுவந்து கூட்ட வேண்டியது பிரயாணியின் மனச்சாட்சி.

எனவே தீர்ப்பு இது. அந்த 792 டாலரை எடுக்கச் சொல்லுவது நீதிக்கு விரோதம். சேவையில் உண்மையான குறை இருந்தால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். ஒருவருடைய குறைக்காகப் பலருடைய பங்கை நிறுத்தாதீர்கள். பணம் போதாவிட்டால் ஜன்னல் வைத்த அறையை விட்டு உள்ளறை எடுங்கள். அதற்கும் போதாவிட்டால் ஒரு பிரயாணத்தோடு திரும்புங்கள். ஹோனலுலுவோடு நின்றவர்கள் எதையும் இழந்தவர்களல்ல. அவசியத் தேவைக்குப் பணமில்லாதவனுக்குச் சலுகை உண்டு. ஆசைக்குப் பணம் போதாதவனுக்கு, அயலான் பங்கிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளச் சலுகை கிடையாது. மட்டசனம் என்ற புண்ணியம் இங்கே நீதிக்குக் காவல் நிற்கிறது.

தீவாரும் இந்தக் கணக்கில் உண்டு. ஹோனலுலுவுக்குத் தெற்கே ஆயிரம் கடல் மைலுக்குச் சற்று அப்பால், கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்த தபுவாயேரான் என்ற பவழத் தீவு இருக்கிறது. பானிங் தீவு என்றும் சொல்வார்கள். 2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில், மேலே சொன்ன சட்டத்துக்காக ஓர் அந்நிய துறையைத் தொட்டாக வேண்டியிருந்ததால், ஹவாய்க் கப்பல் அங்கே முறையாய் வந்துகொண்டிருந்தது. மக்கள் ஆடிப் பாடி வரவேற்றுச் சிப்பி மாலைகள் விற்றார்கள். ஹவாயில் அமெரிக்கக் கொடிக் கப்பல்கள் ஓடத் தொடங்கியபின் அந்த அவசியம் தீர்ந்தது. சில ஆண்டுகளில் அந்த முறையான வருகையும் நின்றுவிட்டது. நம்முடைய சௌகரியத்துக்காக ஒருவர் வாசலை மிதிக்கிறோம் என்றால், மிதிக்கும் அன்றாவது அவரை மனிதராய் நடத்தவேண்டும். கப்பலில் ஒரு கோப்பைக் காப்பிக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுச் சிப்பி மாலைக்குப் பேரம் பேசுவது அழகல்ல.

இரண்டு சீட்டு வாங்கினவர்களுக்கு ஒரு விசேஷ அநுகூலம் உண்டு. மாறும் நாளில் மற்றவர்கள் இறங்கிப்போனபின் அவர்கள் கப்பலிலேயே தங்கலாம். அன்று காலை ஆயிரக்கணக்கானோர் இறங்குவார்கள். மாலைக்குள் ஆயிரக்கணக்கானோர் ஏறுவார்கள். இடையே உள்ள சில மணி நேரத்தில் அத்தனை படுக்கை விரிப்பும் மாறவேண்டும். நடைவழி நெடுக அழுக்குத் துணி மூட்டை குவிந்திருக்க, ஊழியர் ஓடிக்கொண்டிருப்பார்கள். பிரயாணத்தின் மெய்யான விலை அந்த ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியும். பெரியவர் அதை நின்று பார்த்தால், டிப்ஸை எடுக்கச் சொல்ல அலுவலகத்துக்குப் போகமாட்டார் என்று நம்புகிறேன்.

தொடக்கத்தில் சம்பந்தம் உண்டென்றேன். அந்த ஊழியர் யார்? பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வீட்டைப் பிரிந்து மாதக்கணக்காய்க் கடலில் கிடப்பவர்கள் அவர்களில் ஏராளம். அத்தகைய மகனை அனுப்பிவிட்டு, மாதாமாதம் வரும் பணத்தில் தங்கையின் படிப்பை நடத்தும் தாயொருத்தி இந்தப் பக்கத்தையே வாசித்துக்கொண்டிருக்கலாம். அம்மா, உங்கள் மகனுக்குச் சேரவேண்டியது இனாமல்ல, கூலி. எங்கோ ஒரு கப்பலில், முன்பின் தெரியாத ஒரு பெரியவர் தம் கணக்கு நோட்டின் கடைசி வரியை அடிக்காமல் விடும்படி நாம் அவருக்காகவும் வேண்டிக்கொள்வோம். நம் கணக்கு நோட்டிலும் அப்படி அடித்துவிட்ட வரி ஏதாவது உண்டா என்று இன்றிரவே பார்த்துவிடுவோம்.

உங்கள் பங்குக் குரு