துணி துவைப்பதும் தொண்டுதான்

அசைன்மெண்ட், லேப், பகுதிநேர வேலை என்று நாமெல்லாம் பிஸிதான். அதனால் அழுக்குத் துணி குறைந்துவிடுமா? அம்மாவின் கைக்குப் போகிறது, அவ்வளவுதான். அவரும் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்தானே!

63 நாயன்மார்களில் ஒருவரான திருக்குறிப்புத் தொண்டர், காஞ்சியில் அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுத்தார். அதுவே அவருடைய தொண்டு. மாலைக்குள் தருவதாகச் சொன்ன துணி மழையில் காயவில்லை என்று கல்லில் தலையை மோதப் போனார்; இறைவன் கை தடுத்தது.

நமக்கு அவ்வளவு சோதனையில்லை. துவைப்பது மெஷின், காயப்போட்டு, மழைக்கு முன்னே எடுத்து, மடிப்பதுதான் நம் பங்கு. ஞாயிறுவரை குவிக்காமல், ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கூடை போட்டால் போதும்.

“டைம் இல்லைம்மா” என்று வாய்வரை வரும்போதெல்லாம் என்னையே கேட்கிறேன்: அப்படியானால் யாருடைய நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்?