பூனையின் பசியும் நமது பொறுப்பும்

ஒரு பூனையின் பொருட்டு ஒரு பெண் நரகம் புகுந்த செய்தியை நம் ஜமாஅத்தில் அறியாதவர் இலர். மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளைகூட அதைச் சொல்லிவிடும். ஆயினும் அச்செய்தியில் பாதியைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவள் பூனையை அடைத்து வைத்துப் பட்டினியால் சாகவிட்டாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ள அறிவிப்புக்களை உற்று நோக்கினால், அவள் மீதுள்ள குற்றம் இரு கிளைகளாகப் பிரிவதைக் காணலாம். தானும் உணவு கொடுக்கவில்லை என்பது ஒன்று. பூமியில் திரியும் சிறு பிராணிகளைப் பிடித்துத் தின்னட்டும் என்று வெளியே விடவும் இல்லை என்பது மற்றொன்று. இரண்டில் ஒன்றைச் செய்திருந்தாலும் அவள் தப்பியிருப்பாள். இந்த இரண்டாவது வழி நம் காலத்தில், நாம் வாழும் ஊர்களில், இன்னும் திறந்திருக்கிறதா என்பதே இங்கு நாம் சிந்திக்க விரும்பும் விஷயம்.

பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பெரியவர்களைக் கேட்டால், பூனைக்கென்று தனியாக உணவு வாங்கிய வழக்கமே இல்லை என்பார்கள். லயத்து வீடுகளின் பின்னால் எலி இருந்தது, ஓணான் இருந்தது, வண்டு இருந்தது. தோட்டத்து மளிகைக் கடையில் அரிசி மூட்டை இருந்ததால் கடைக்காரருக்குப் பூனையும் வேண்டியிருந்தது. கருவாட்டுத் தலை எப்போதாவது கிடைக்கும். மற்றதைப் பூனை தானே தேடிக்கொண்டது. ஒரு சுண்டெலியின் உடலில் ஏறக்குறைய 30 கலோரி சத்து உண்டு. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கலோரி வரை தேவை. ஆக, ஏழெட்டு எலிகள். அங்கே வெளியே விடுவது என்றால் உண்ண விடுவது என்றே பொருள்.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. மக்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். செம்பனைத் தோட்டத்திலும் எலிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே எலிக்கு நஞ்சு வைக்கிறார்கள், அந்த எலியைத் தின்னும் பூனைக்கும் அந்த நஞ்சு போய்ச் சேரும். நகரத்திலோ சிமெண்டுத் தரையும் மூடிய சாக்கடையும் வாகனங்களும்தான். நான்காவது மாடியில் ஒரு பூனையை வளர்ப்பவர், ‘நான் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்’ என்று சொல்வது எந்த அளவுக்குப் பதிலாகும்? கதவு திறந்திருக்கலாம். கதவுக்கு அப்பால் இரை இல்லையே! ஆகவே இரு வழிகளில் ஒன்று அடைபட்டுப் போயிற்று. ஊட்டுவது ஒன்றே நமக்கு மிஞ்சியிருக்கிறது.

அந்த ஹதீஸைப் பற்றி முற்காலத்திலேயே ஒரு விவாதம் எழுந்தது. ஒரு முஃமினான பெண் பூனைக்காக வேதனை செய்யப்படுவாளா, முஃமினின் அந்தஸ்து அல்லாஹ்விடம் அதைவிட உயர்ந்ததல்லவா, அவள் காஃபிராக இருந்தவள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் கூறியதாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. பிற்கால அறிஞர்களில் இமாம் நவவி (ரஹ்) அவர்களோ, அவள் முஸ்லிமானவளே என்றும், பூனையின் காரணத்தாலேயே நரகம் புகுந்தாள் என்றும், அப்பாவத்தில் பிடிவாதமாக நிலைத்ததால் அது பெரும்பாவமாயிற்று என்றும் முஸ்லிமின் விரிவுரையில் எழுதுகிறார்கள். இரு கருத்துக்களையும் மதிக்கிறோம். எனினும் நம் உள்ளம் நவவியின் பக்கமே சாய்கிறது. நாள்தோறும் கண்ணெதிரே ஒரு ஜீவன் மெலிவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த நாளும் பேசாமல் இருப்பது ஒரு கணத்துக் கோபத்தில் செய்த தவறு ஆகாது. அதில் பிடிவாதம் இருக்கிறது.

‘அதன் ரிஸ்க்கை அல்லாஹ் அளிப்பான், நாம் ஏன் கவலைப்பட வேண்டும்’ என்று சிலர் சொல்வதுண்டு. ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்தே வருகிறது, ஐயமில்லை. அப்பெண்ணும் இதைச் சொல்லியிருக்கலாம். ஒன்றை நம் பொறுப்பில் அடைத்து வைத்தபின் அதன் ரிஸ்க் நம் கை வழியாகத்தான் வந்தாக வேண்டும். நம் நாட்டுச் சட்டமும் இதையே பேசுகிறது. 2015ஆம் ஆண்டு பிராணிகள் நலச் சட்டம், 2017 ஜூலை முதல் நாளிலிருந்து அமலில் இருக்கிறது. வளர்ப்பவர் தகுந்த உணவு அளித்தாக வேண்டும் என்பது அதன்படி கடமை. கொடுமை செய்தவருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அடுத்து, ‘ஏழைப் பிள்ளைகள் இருக்கப் பூனைக்குச் செலவழிப்பதா’ என்ற கேள்வி. இதைக் கேட்பவர்களில் பலர் ஏழைப் பிள்ளைக்கும் கொடுப்பதில்லை என்பதை விட்டுவிடுவோம். கேள்வி நியாயமானதே. அதற்கு நம் விடை இதுதான்: ஏழைப் பிள்ளைக்குக் கொடுப்பது சமுதாயம் முழுவதன் மீதும் உள்ள கடமை, நாம் வீட்டிற்குள் கொண்டுவந்த பூனைக்குக் கொடுப்பது நம் ஒருவர் மீது மட்டும் உள்ள கடமை. முன்னதைச் சொல்லிப் பின்னதிலிருந்து தப்ப முடியாது. வளர்க்க முடியாதவர் வளர்க்கத் தொடங்காமலிருக்கலாம்.

ஊட்டுவதே கடமை என்றால், எதை ஊட்டுவது? இங்கேதான் நம் வீடுகளில் பெரும் பிசகு நடக்கிறது. நாம் உண்ட தட்டில் மிஞ்சிய கறிச் சோற்றை வைக்கிறோம். பூனை நக்கிவிட்டுப் போகிறது, நம் மனமும் நிறைகிறது. அதன் விலா எலும்போ அப்படியே தெரிகிறது. பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. மனிதனைப் போலவோ நாயைப் போலவோ சோற்றைக் கொண்டு அது உடலை நிலைநிறுத்த இயலாது. ‘டோரின்’ என்னும் சத்து அதற்கு இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண் பார்வை கெடும்; இதயத் தசை தளர்ந்து வீங்கும். இதயம் பற்றிய இவ்வுண்மையை 1987இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். அதுவரை கடைகளில் விற்ற பூனை உணவிலேயே டோரின் போதாமல் இருந்தது. அதன்பின் கூட்டிச் சேர்த்தார்கள். வெறும் சோற்றில் அது அறவே இல்லை.

குழம்பு இன்னும் மோசம். நம் சமையலில் வெங்காயமும் பூண்டும் இல்லாத கறி ஏது? இவ்விரண்டும் பூனையின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகை உண்டாக்கும். வேகவைத்தாலும் அத்தன்மை போகாது. மெலிந்த பூனைக்கு அன்போடு ஊற்றும் சால்னா அதை மேலும் நலியச் செய்யக்கூடும். பாலும் அப்படியே. வளர்ந்த பூனைகளில் பலவற்றிற்குப் பால் செரிப்பதில்லை. கழிச்சலாகி உள்ள எடையும் போய்விடும். தேநீருக்கு வாங்கிய டின் பாலைக் கரைத்து வைப்பாரும் உண்டு. பூனைக்கு இனிப்பின் ருசியே தெரியாது என்பது 2005இல் நிறுவப்பட்டுவிட்டது. அச்சர்க்கரையால் அதற்கு மகிழ்ச்சியும் இல்லை, சத்தும் இல்லை.

அப்படியானால் மெலிந்த பூனையைத் தேற்றுவது எவ்வாறு? முதலில் அது ஏன் மெலிந்தது என்று அறிய வேண்டும். குடற்புழு இருந்தால் எவ்வளவு ஊட்டினாலும் பாதி புழுவுக்கே போகும். பல்லும் ஈறும் புண்ணாகியிருந்தால் பசித்தும் தின்ன முடியாது. வயதான பூனை நன்றாகத் தின்றும் இளைத்தால் தைராய்டு, நீரிழிவு, சிறுநீரகம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஆகவே மிருக வைத்தியரிடம் காட்டுவது முதல் வேலை. மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பது கூடாது. பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும்.

நோய் இல்லையென்றால், அல்லது நோய்க்கு மருந்து தொடங்கிவிட்டதென்றால், ஒரே வேளையில் குவித்து வைக்காமல் நாளைக்கு நான்கைந்து முறை சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் திடீரென்று மிகுந்த உணவைத் திணித்தால் இரத்தத்தில் உப்புச் சத்துக்கள் தடுமாறி உயிருக்கே ஆபத்தாகும். முழுச்சத்தும் சேர்ந்த பூனை உணவு கடையில் கிடைக்கிறது. குட்டிகளுக்கென்று விற்பதில் கொழுப்பும் புரதமும் கூடுதல், ஆதலால் மெலிந்ததற்கு ஏற்றது. (டப்பாவின் மேலுள்ள விவரத்தைப் படித்து வாங்குக. சிலவற்றில் பன்றியின் பொருள் இருக்கக்கூடும். ஈரத்தோடு கையில் பட்டால் ஷாபிஈ மத்ஹபின்படி ஏழு முறை கழுவ வேண்டிய தொல்லை வரும்.) அதனோடு உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்த கோழி இறைச்சியைச் சிறிது சேர்க்கலாம், டோரின் கொதிநீரில் இறங்குவதால் அந்த நீரையும் சேர்த்தே கொடுப்பது நன்று. அவித்த எலும்பு தொண்டையில் குத்தும். ஈரல் தினமும் ஆகாது. பச்சை மீன் மட்டுமே கொடுத்துவந்தால், சிலவகை மீன்கள் ‘பி1’ என்னும் உயிர்ச்சத்தை அழித்துவிடும். உண்ண மறுத்தால் உணவை லேசாகச் சூடு செய்தால் வாசனை எழும். பூனை நாவைவிட மூக்கைக் கொண்டே உண்பது. இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தின்னாவிட்டால் தாமதிக்கலாகாது. கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும்.

நம் மார்க்க நூல்களில் இதற்கு இடமுண்டா என்று கேட்பவர்கள், இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்களின் ‘கவாஇதுல் அஹ்காம்’ நூலைப் பார்க்கட்டும். ஹிஜ்ரி 660இல் மறைந்த அப்பெரியார், பிராணிக்கு மனிதன் மீதுள்ள உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அதற்குச் செலவு செய்வதை முதலிலேயே வைக்கிறார்கள். எலி பிடிக்கும்வரை சோறு என்பது கூலி. பிடிக்க முடியாதபோது போடும் சோற்றையே உரிமை என்கிறது அந்நூல். (தூங்கும் பூனைக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சட்டைக் கையை அறுத்தார்கள் என்ற கதைக்கு ஹதீஸ் நூல்களில் ஆதாரமில்லை. ஸய்யிது அஹ்மத் ரிஃபாஈ (ரஹ்) அவர்களைப் பற்றி அவ்வாறு வழங்குகிறது. அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளு நீர்ப் பாத்திரத்தைப் பூனை குடிக்கும்படி சாய்த்துக் கொடுத்ததோ முவத்தாவிலும் திர்மிதியிலும் உள்ளது.)

பள்ளிவாசல் பூனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஈப்போவிலும் சிற்றூர்களிலும் ஒளுச் செய்யும் இடத்தருகே நாலைந்து பூனைகள் இல்லாத பள்ளி அரிது. தொழ வருவோர் பத்துப் பேரும் ஆளுக்கொரு பிடி போடுகிறார்கள். பார்த்தால் நிறைய உணவு. ஆயினும் வலுத்தது தின்கிறது, மெலிந்தது ஓரத்தில் நிற்கிறது, அது தின்றதா என்று கவனிப்பவர் எவருமிலர். பத்துப் பேரின் இரக்கத்தைவிட ஒருவரின் பொறுப்பு அங்கே பயன்படும். மெலிந்ததைத் தனியே அழைத்து ஊட்ட ஒருவர். வாரம் ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பின் தான் மட்டும் ஏறி, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள ஒரு தாள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. அந்நிலை வந்ததும் அளவைக் குறைத்துவிட வேண்டும். கொழுத்த பூனைக்கு நீரிழிவு வரும்.

சில பூனைகளுக்கு எடை ஏறாது. சிறுநீரகம் முற்றிலும் கெட்டுப்போன கிழப் பூனைக்கு எந்த உணவும் பழைய உடம்பைத் திருப்பித் தராது. வாயில் வலுக்கட்டாயமாகத் திணிப்பதும் அங்கே வதையே. நிழலில் ஒரு சாக்குத் துணி, மாற்றிக்கொண்டே இருக்கும் தண்ணீர், அது முகர்ந்து பார்த்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி சிறிது சூடான உணவு. வலி இருந்தால் மட்டும் வைத்தியர்.